நாலு கணு ஹைட்ரில்லா

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மீன்தொட்டிக் கடை வாசலில் நின்றுவிட்டேன். பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு ஹைட்ரில்லாச் செடி தொங்கியது. வேலையத்த மனுஷி நான். பையைத் திறந்து முகர்ந்தேன். பச்சைச் சேற்று வாடை. உடனே ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்!

என் முதல் வேலை ஜெஞ்சாரோமில், மீன்தொட்டிச் செடிகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பண்ணையில். அங்கே விற்கிற செடிகளை மூடிவிடும் ஹைட்ரில்லாக் களைதான் எதிரி. முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே வாழும். கணுவுக்குக் கணு ஐந்தாறு இலைகள் வட்டமாக நிற்கும், தொட்டால் சொரசொரக்கும். ஒரு கணு ஒடிந்து விழுந்தால் அது தனிச் செடி. பிடுங்கினாலும் சேற்றுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு தங்கிவிடும். பள்ளியில் விஞ்ஞானத்தில் தேறாத நான் இதையெல்லாம் சேற்றில் நின்று படித்தேன்.

அதனால் ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போகுமுன் பூட்ஸை உப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். சூப்பர்வைசர் மணியம் மட்டும் முக்க மாட்டார். பெரிய துரை. ஒருநாள் ஏற்றுமதிக் குளத்தில் ஹைட்ரில்லா முளைத்தது. முதலாளி கேட்டதும், என்னோடு வேலை செய்த சரசு அக்காவைக் கூசாமல் கைகாட்டினார்.

"இவதான் பாஸ். பூட்ஸ் கழுவலை."

"நான் கழுவுனேன்லா! நீ பாத்தேதானே?" என்று அக்கா என்னைக் கேட்டார். பார்த்தேன். வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அன்றே அக்காவை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு மணியம் வேலையை விட்டு, ரவாங்கில் ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றை, காசு கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் குளமாக்கினார். திறப்பு விழாவுக்குப் பண்ணை ஆட்கள் எங்களையும் அழைத்திருந்தார். போனேன், கைப்பையில் ஈரத்துணி சுற்றிய நாலு ஹைட்ரில்லாக் கணுக்களோடு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற சாக்கில் குளத்தில் போட்டேன். மொய் எழுதிய திருப்தி.

சில மாதங்களில் தூண்டில் எல்லாம் செடியில் சிக்கியது. மனுஷன் ஆத்திரத்தில் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளினார். வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது. அந்த நாட்களில் எனக்குச் சோறு ருசித்தது.

கண்குளிரப் பார்க்க ஒருநாள் போனேன். மணியம் கரையில் குடை பிடித்து நின்றார்.

"நாசமாப் போச்சுலா. இப்ப வேலை தெரிஞ்ச ஆள வச்சுக் கிழங்கோட எடுக்குறேன்."

இடுப்பளவு தண்ணீரில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தார். சரசு அக்கா. கைகள் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன.

"வேற எங்கயும் எடுக்க மாட்றாங்க. போற எடத்துலல்லாம் நம்ம பண்ணையில விசாரிக்கிறாங்க, அங்க என்னைத் திட்டிதான் சொல்றாங்களாம்," என்று சிரித்தார். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குளத்தைத் தூர்த்து இப்போது வீடுகள். பண்ணையும் போயிற்று. மணியம் செத்துப்போனார், அவரை நான் இன்னும் விடுவதாக இல்லை. அக்கா பண்டமாரானில் இருப்பதாகக் கேட்டுத் தேடிப் போனபோது, அவர் மகள் அக்காவின் படத்தைக் காட்டினாள். மாலை போட்டிருந்தது.