கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட்

இது நிரோஜாவுக்கு நடந்தது. நிரோஜாவுக்குப் பொய் சொல்ல வராது. பொறாமைப்படத்தான் நன்றாக வரும். அதனால்தான் இந்தக் கதையை அப்படியே நம்பலாம்.

அவள் புருஷன் லெட்சுமணனிடம் பெரிய டூரிங் பைக் ஒன்று இருக்கிறது. லீவு நாட்களில் நாவுல, தம்புள்ள, திருகோணமலை என்று சுற்றுவதற்காக லீசிங்கில், மாதத் தவணைக்கு எடுத்தது. மற்ற நாட்களில் அது மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்கு வேலைக்குப் போகும். மாலையில் திரும்பும்போது அங்கே வேறொரு அலுவலகத்தில் இருக்கும் வாகினி என்ற பெண்ணை, சந்தியில் ஏற்றிக்கொண்டு வந்து மாத்தளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவான். நிரோஜாவுக்கு இது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்து வீட்டு றஸ்மியா வாயைத் திறக்கும் வரைக்கும்.

"நிரோஜா, உங்கட மனிசன்ட பைக்ல ஒரு புள்ள வாராளே, விழுந்துருவோம்னு பயத்துல அவர்ட இடுப்பைப் புடிச்சிட்டு வாரா. பாவம், என்ன!"

அந்தப் 'பாவம்' நிரோஜாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. ஏற்றாதே என்று சொன்னால், சந்தேகப்படுகிறாள் என்று பேர் வரும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சாய்ந்துகொள்ள ஒன்று இருந்தால், இடுப்பைப் பிடிக்க என்ன அவசியம்?

புருஷனையும் இழுத்துக்கொண்டு மாத்தளை டவுனில் ஹாஷிம் நானாவின் பைக் சாமான் கடைக்குப் போனாள். அவர் முதலில் குட்டையான ஒன்றைக் காட்டினார்.

"இது இடுப்பு வரைக்கும்தானே. உசரமா இல்லையா?"

"இது தோள் வரைக்கும் வரும். நட்டு போட்டு இறுக்கிட்டா ஆடாது, அசையாது."

"கழட்டலாமா?"

"கழட்ட ஏலாது. ஏன் தங்கச்சி?"

"நான் ஏறுறப்ப எனக்கு வேணாம்."

ஹாஷிம் நானா லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் கூரையைப் பார்த்தான். நானா சிரித்துக்கொண்டே உள்ளே போய், மெத்தை வைத்த வேறொன்றைக் கொண்டுவந்தார். "இந்த லீவரை இழுத்தா கையோட வந்துரும். மத்த ஆளுக்கு பேக்ரெஸ்ட், ஒங்களுக்கு மச்சான்ட முதுகு. சரிதானே?"

சரிதான். அதையே வாங்கினார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாப்பிடும்போது லெட்சுமணன் முணுமுணுத்தான்.

"முன்னெல்லாம் வாகினி லொடலொடன்னு பேசிக்கிட்டே வரும். இப்ப வாயே திறக்கிறதில்ல. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமா வந்து ஏறுது, சாஞ்சிக்குது, இறங்கிப் போகுது. எல்லாம் ஒன்னாலதான்."

"பைக்குல என்னங்க பேச்சு?" என்றாள் நிரோஜா. அன்றைக்கு அவன் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழுந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி யட்டவத்தைச் சந்தியில் போய் இறங்கினாள். ஆறரை மணி. மழை பிடித்துக்கொண்டது. லெட்சுமணன் பைக்கோடு நின்றிருந்தான்.

"நீ எங்க இங்க?"

"சும்மாதான். அவ எங்க?"

"இன்னிக்குக் காணோம்."

நிரோஜா லீவரை இழுத்தாள். டக். பேக்ரெஸ்ட் கையோடு வந்தது. அதைப் பக்கப் பெட்டியின் மேல் ரப்பர் கயிற்றால் கட்டினாள். ஏறி உட்கார்ந்து, புருஷனின் வயிற்றைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். இந்த இடம் என்னுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மிளகுத் தோட்டங்களைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. இருட்டிவிட்டது. திடீரென்று பைக்கின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கியது.

"ஆடாத நிரோ."

"நான் ஆடலீங்க."

எஞ்சின் முனகியது… ம்ம்ம்… ம்ம்ம்… மேட்டில் இழுக்க முடியாமல் திணறியது.

முதுகில் சில்லென்றது. மழைதான் என்று நினைத்தாள்.

மழை மூச்சு விடாது.

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு நெற்றி வந்து சாய்ந்தது… மெதுவாக.

பிறகு இரண்டு கைகள். அவள் விலாவை உரசிக்கொண்டு முன்னால் போயின… லெட்சுமணனின் வயிற்றை நோக்கி.

அங்கே அவள் கைகள் இருந்தன.

ஐஸ் போன்ற விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்தன. தூக்கின.

அடுத்த விரல்…

"ஏன் கைய எடுக்கிறே? புடிச்சுக்க!" என்றான் லெட்சுமணன்.

அவள் கோத்த கைகளை இன்னும் இறுக்கினாள்.

அடுத்த விரல்…

"நிப்பாட்டுங்க!"

குதித்து இறங்கித் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ரோட்டில் மழை மட்டும். ஆனால் சீட்டின் பின்பாதியில், அவள் உட்கார்ந்த இடத்துக்கும் பின்னால், நனையாத ஓரிடம் இருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்த அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளிகள் விழுந்து அதுவும் நனைந்தது.

அவளே பேக்ரெஸ்ட்டை மாட்டினாள். வீடு வரும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

விடிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. வாகினிதான் ஏதோ செய்வினை வைத்திருக்கிறாள்! புருஷனின் போனிலிருந்து எடுத்து வைத்த நம்பருக்கு அன்று மாலை அடித்தாள்.

"என்னடி செஞ்சு வச்சிருக்கே? பேக்ரெஸ்ட் பூட்டினதுக்கு இவ்வளவு வஞ்சமா?"

"ஆர் கதைக்கிறது?"

"லெட்சுமணன் சம்சாரம்."

"நிரோஜா அக்காவா? என்ன பேக்ரெஸ்ட் அக்கா?"

"தினம் சாஞ்சிக்கிட்டு வர்றியே, அதுதான்!"

"அக்கா… அம்மாவுக்குச் சுகமில்லையெண்டு நான் லீவில வவுனியாவுக்கு வந்தனான். அப்பிடியே மாற்றலும் கிடைச்சிட்டுது. ஒண்டரை மாசமாகுது. அண்ணாட்டச் சொல்லாம வந்தது பிழைதான்…"

பேக்ரெஸ்ட் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

போன் காதில் இருக்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது. லெட்சுமணன் மழையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். பேக்ரெஸ்ட் அவன் கையில் இருந்தது.

"இன்னிக்குத்தான் வாகினி வாயத் திறந்துச்சு," என்றான்.

"என்ன… என்ன சொன்னா?"

"இனிமே இதை மாட்டாதீங்கன்னு சொன்னா."