மரம் சாயும்போது எடுத்த படம்

தென்னை மட்டை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் உராயும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? பல் கூசும், நாக்குப் புளிக்கும். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டின் பின்பக்கத்துச் சமையலறைக்கு மேலே, காற்று லேசாக எழும்பினாலே அந்தச் சத்தம் தொடங்கிவிடும். கூரையை நாங்கள் "சீட்டு" என்போம்; மரத்தை அம்மா "சனியன்" என்பாள். இலை அசையாத நாளில்கூட அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்து ஒருமுறை மேலே பார்த்துக்கொள்வாள்.

தாத்தா இறந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது, அந்தச் சுவர் நேராகப் போய்த் தென்னையில் முட்டியது. மரத்தை வெட்ட இருவருக்கும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. கொத்தனார் மரம் வரைக்கும் ஒரு துண்டு, மரத்துக்கு அப்பால் ஒரு துண்டு என்று சுவரை இரண்டாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். மரமோ காய்த்துக் கொட்டியது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு வாசலில் போட்டால் இளநீரும் போகும், தேங்காயும் போகும் என்பதால், காய் விழும் சத்தம் கேட்டதும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் விழுந்தடித்து ஓடுவோம். நான் எடுத்துவிட்டால் பெரியப்பா "என் மரத்துக் காய எவடீ எடுத்தது?" என்று கத்துவார். அப்பா இந்தப் பக்கமிருந்து, "உன் மரமா? உன் பேரு எழுதி ஒட்டியிருக்குதா?" என்பார். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு இதுதான்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று தொலைக்காட்சியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரம் எங்கள் சமையலறைப் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்திருந்தது. "ஏங்க, ஆளு இட்டாந்து மட்டையெல்லாம் கழிச்சி வுட்டுடுங்க. தலைல பாரம் கம்மியானா காத்து புடிக்காது" என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே போய் மரம் ஏறுகிற ஆளைக் கூட்டி வந்தாள். அவர் ஒரு காலை மரத்தில் வைத்ததுதான் தாமதம், பெரியப்பா அங்கிருந்து "என் மரத்துல ஏற நீ யாருடா?" என்று பாய்ந்தார். அப்பா இங்கிருந்து "என்னைக் கேக்காம என் மரத்துல எவன் ஏறுறது?" என்று பாய்ந்தார். வாழ்நாளில் அண்ணனும் தம்பியும் ஒன்றுசேர்ந்து செய்த முதல் காரியம், அந்த மனிதரை விரட்டியதுதான். "உங்க சண்டைல நான் எதுக்குங்க சாவணும்" என்று அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் காற்று வந்தது. எங்கள் ஊரில் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. மலையில் மோதித் திரும்பி, எதிர்பாராத பக்கமிருந்து அறையும். பௌர்ணமிக் கூட்டத்துக்காகச் சாலையில் கட்டியிருந்த வரவேற்பு பேனர்கள் கிழிந்து எங்கள் மாடிக்கு மேலே பறந்து போயின. மின்சாரம் நின்றது. மரம் வில்லாக வளைந்து வளைந்து நிமிர, சீட்டு அலறியது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பெரியப்பா தன் வீட்டு ஜன்னலைத் திறந்து, "டேய், உன் மரத்தப் பாத்துக்கோடா! என் வீட்டு மேல வுழுந்துச்சு, உன்னை சும்மா வுட மாட்டேன்!" என்று கூவினார். "என் மரமா? உன் மரம்! நேத்துகூட நீதான சொன்ன!" என்று அப்பா திருப்பிக் கூவினார். காய் விழும்போதெல்லாம் என் மரம், மரமே விழப்போகிறது என்றதும் உன் மரம். பதினொரு வயதிலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அப்பா புதிதாக வாங்கிய கேமரா போனை என் கையில் திணித்து, ஹாலின் பின் ஜன்னலருகே நாற்காலியில் ஏற்றிவிட்டார். "காத்துல மரம் எப்படி நம்ம பக்கம் சாயுதுன்னு புடி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா காட்டணும்." அந்தப் பக்கம் பெரியப்பா மகனும் இதே வேலையாக ஒரு போனோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு வீட்டிலும் போன் இருந்தது. ஒரு வீட்டிலும் ஓர் அரிவாளை எடுக்க ஆள் இல்லை.

காற்றைப் படம் பிடிப்பது லேசில்லை. அந்தப் போனில் பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் படம் விழும். மரம் சாயும்போது அழுத்தினால் நிமிர்ந்த பிறகு விழும். எத்தனை எடுத்தும் எல்லாவற்றிலும் மரம் ஒன்றுமே நடக்காததுபோல விறைத்து நின்றது. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சாயறப்ப புடிடீன்னா, நிக்கறப்ப புடிக்கிற! கண்ணு எங்க இருக்குது?" அந்த எரிச்சலோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஒரு டீ போடு" என்றார்.

"இந்தக் காத்துலயாங்க?" என்றாள் அம்மா.

"சீட்டு என்ன இன்னிக்கா போட்டது? போட்டுட்டு வா."

அம்மா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறை ஜன்னலில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். மரம் சாய்ந்தது, சாய்ந்தது, நிமிரவே இல்லை.

சீட்டு நொறுங்கிய சத்தம் அடங்கும் முன்பே அப்பா கேட்டார்: "படம் வந்துச்சா?"

அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மழையில் ஓடினார், உடைந்த சீட்டை வாரி எறிந்தார், அம்மாவைத் தூக்கிக்கொண்டு அழுதார், எல்லாம் உண்மைதான். ஆனாலும் முதலில் கேட்டது அதைத்தான்.

அம்மாவின் வலது தோள் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு அவள் வீடு திரும்பிய அன்று, சேதம் பார்க்க வருவாய்த் துறை ஆள் வந்தார். அப்பா போனை நீட்டி, "பாருங்க சார், படம் இருக்குது, அவங்க மரம்தான்" என்றார். பெரியப்பா ஓடி வந்து, "அவன்தான் சார் இத்தினி வருசமா காய் பொறுக்கித் தின்னான், அவன் மரம்" என்றார். வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனார் வீட்டு ஆண்கள் முன்னால் அதுவரை குரல் உயர்த்தியிராத அம்மா சொன்னாள்: "என் மேலதான சார் வுழுந்துச்சு? என் மரம்னே எழுதிக்கோங்க. இதுல ஒரு ஓலைய யாராவது தொட்டீங்க, நடக்கறதே வேற."

அன்று சாயங்காலமே ஆள் வைத்து அடிமரம் வரை அறுத்து, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தச் சுவரில் மரம் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. வயதாக ஆக அண்ணன் தம்பிக்குப் பாசம் பொங்கிவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் இருவரும் போக வர இருக்கிறார்கள். சீட்டு போய் கான்கிரீட் வந்துவிட்டது. சண்டையும் போயே போய்விட்டது. அம்மாவின் வலது கை மட்டும் தோளுக்கு மேலே வருவதில்லை. முன்பெல்லாம் அவள் பேசிக்கொண்டே இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒரே சுழற்றில் கொண்டை போடுவாள். இன்று அவளுக்குத் தலை வாரிவிடுவது நான்.

போன புயலன்றும் அப்படி வாரிக்கொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் குரல் வந்தது: "நம்ம தென்ன மரம் இருந்திருந்தா இந்நேரம் எப்டி ஆடும்! இன்னா மரம் அது!" என் மரம், உன் மரமாகி, இப்போது நம்ம மரமாம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாப்பா, நீ புடிச்ச படம் வெச்சிருக்கியே, அத குரூப்ல போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அம்மா திரும்பாமலே சொன்னாள்: "போடு. கீழ ஓரத்துல மஞ்சளா ஒண்ணு தெரியுது பாரு, அதுக்குள்ள நான் டீ போட்டுனு இருக்கேன்னு எழுதிப் போடு."

அப்படியே எழுதிப் போட்டேன். அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சக்கர எங்க இருக்குது?" என்றார்.

அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். நான் வாரிக்கொண்டே இருந்தேன்.