வௌவால் பொறித்த வெள்ளி நாணயம்

எங்கள் கட்டடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கி துடைக்கிறவர் வருவார். கறுப்பு உடுப்பு, பொன்னிறப் பொத்தான்கள், தோளில் கம்பிச் சுருள். இந்த முறை அவர் படியேறி வந்தபோது மேல்மாடியில் இருக்கும் வயதான ஜேர்மன்காரி அவரை மறித்து, சட்டைப் பொத்தான் ஒன்றை விரலால் தொட்டார். பிறகு என்னையும் தொடச் சொன்னார். தொட்டால் அதிர்ஷ்டமாம். ஊசி போடுவதற்கு முன் நோயாளி தயாராகட்டும் என்று காத்திருக்கும் டொக்டரைப் போல அந்த மனிதர் பொறுமையாக நின்றார். நானும் தொட்டேன். இந்த நாட்டில் பன்றியும் அதிர்ஷ்டம்தான். புதுவருடத்துக்கு இனிப்பில் செய்த பன்றிக்குட்டி கொடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இயந்திரத்தில் விரல் சிக்காமல் தப்பியபோது பக்கத்தில் நின்ற டெட்லெஃப், "உனக்குப் பன்றி கிடைத்தது" என்றான். என்னைப் பன்றி என்று திட்டுகிறான் என்று நினைத்து இரண்டு கிழமை அவனோடு கதைக்காமல் இருந்தேன்.

ஆனால் அதிர்ஷ்டத்தை என் கையில் தந்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கியவர்கள் சீனர்கள்.

ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கார்க் கதவுகளுக்கு வைக்கிற றப்பர் பட்டி செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அச்சில் இருந்து சூடாக வரும் பட்டியின் ஓரப் பிசிறை வெட்டுவதுதான் என் வேலை. இடையில் ஒரு சீனக் கம்பனி அந்த இடத்தை வாங்கியது. வாசலில் இன்னொரு கொடி ஏறியதையும் புதன்கிழமைகளில் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு கிடைத்ததையும் தவிர வேறு மாற்றம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பெப்ரவரியில் அவர்களுடைய புதுவருடம் வந்தது. எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து ஆளுக்கொரு சிவப்புப் பெட்டி தந்தார்கள். உள்ளே, வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு வெள்ளி நாணயம். நடுவில் ஒரு சீன எழுத்து. அதைச் சுற்றி இரண்டு மீன், ஒரு பீச் பழம், பிளந்த மாதுளம்பழம், மேலே இறக்கை விரித்த வௌவால்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த லின் என்ற பெண் ஒலிவாங்கியில் விளக்கம் சொன்னார். மீன் என்றால் குறைவில்லாத வாழ்வு, பீச் என்றால் நீண்ட ஆயுள், மாதுளையின் விதைகள் பிள்ளைச் செல்வம். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே உச்சரிப்பாம், அதனால் வௌவாலும் அதிர்ஷ்டம். ஜேர்மன்காரர் சிரித்தார்கள். டெட்லெஃப் சிரிக்கவில்லை. அவன் நாணயம் சேர்க்கிறவன். சுத்த வெள்ளி, கூட்டைத் திறக்காதே, கைரேகை பட்டால் நாணயம் கெட்டுவிடும் என்று எனக்கு அறிவுரை சொன்னான். பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வைக்கப் போனபோது லின் மாதுளையைக் காட்டி எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்படியென்றால் கெதியில் என்று சொல்லிச் சிரித்தார். அன்று அந்தச் சொல்லை நான் நம்பினேன்.

நம்பக் காரணம் இருந்தது. எனக்குக் கலியாணம் முடிந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் போர் முடிந்த பிறகு இங்கே வந்து அகதி அந்தஸ்துப் பெற்றவன். என் நீலப் பாஸ்போர்ட்டில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருக்கிறது. பிறந்த இடத்தைத் தவிர உலகம் முழுவதும் திறந்து கிடக்கிறது. அதனால் மன்னாரில் இருந்து றெஜினா திருச்சிக்கு வந்தாள், இங்கிருந்து நானும் போனேன். அங்கே ஒரு மாதா கோயிலில் எங்கள் திருமணம் நடந்தது. எனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு முப்பத்தெட்டு. தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தனக்கென்று வாழ நினைத்தவள் அவள். மன்னாரில் முன்பள்ளி ஆசிரியை. பத்தொன்பது நாள் ஒன்றாக இருந்தோம். ஜேர்மனியில் வீட்டுக்குள்ளும் காலுறை போடவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, திருச்சியின் அந்த வெயிலில் தடித்த கம்பளிக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டு விடுதி அறையில் நடந்து பழகினாள். வழுக்கி விழப்போய் என் தோளைப் பிடித்தாள். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று சொல்ல இப்படிச் சில நாட்கள்தான் என்னிடம் இருக்கின்றன.

நாணயம் கிடைத்த அன்றே அவளுக்குத் தொலைபேசியில் காட்டினேன். கிட்டக் கொண்டுவரச் சொல்லி உற்றுப் பார்த்தாள்.

"இதென்ன, வௌவாலோ?"

"ஓம். சீனாவில அது அதிர்ஷ்டமாம்."

"எங்கட பக்கம் வீட்டுக்குள்ள வௌவால் வந்தா வீடு பாழ் எண்டெல்லே சொல்லுவினம். நீங்கள் அதை மாதாவுக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ."

அதனால் அதைக் குசினித் தட்டில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் இங்கே வருவதற்கு இரண்டு தேவைகள் இருந்தன. அவள் டொச், அதாவது ஜேர்மன் மொழியின் முதல் படிப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். எனக்கு நிரந்தர வேலை இருக்கவேண்டும். இரண்டாவதைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையே இல்லை. முதலாவதற்காக அவள் முன்பள்ளி முடிய மாலை வகுப்புக்குப் போனாள். இருபது வயதுப் பெண்களுக்கு நடுவே இருக்க வெட்கமாக இருக்கிறது என்பாள். கொழும்புக்குப் போய் எழுதிய பரீட்சையில் இரண்டு தடவை தவறினாள். மூன்றாம் தடவை சித்தி. அந்தச் செய்தியைச் சொன்னபோது அவள் அழுதாள், நான் தொழிற்சாலைக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நின்று கேட்டேன்.

அதே கிழமை வெள்ளிக்கிழமை எங்களைக் கூடத்துக்கு மறுபடியும் அழைத்தார்கள். இரண்டு முதலாளிகள் வந்திருந்தார்கள். ஒருவர் சீனத்தில் பேச, லின் தாளைப் பார்த்து டொச்சில் சொன்னார். கார்க் கம்பனிகளின் ஓடர்கள் குறைந்துவிட்டன, இந்த இடம் மூடப்படும், எங்கள் உழைப்புக்கு நன்றி. நன்றி என்ற சொல்லுக்கு அவர் முதலாளியைப் போலவே தலை குனிந்தார். ஒருவரும் கத்தவில்லை. பின்னால் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. டெட்லெஃப் என்னிடம் ஓய்வுக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டான். எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தூதரகத்தில் றெஜினாவுக்குக் கிடைத்த டெர்மின், விசாவுக்கான சந்திப்பு நாள், அடுத்த மாதம். அதற்கு என் வேலை ஒப்பந்தத்தின் பிரதி வேண்டும்.

கடைசி நாளில் அந்தச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுபோய், சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்ற லின்னிடம் நீட்டினேன். இதைத் திருப்பித் தரவேண்டும் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து நாணயத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கீறல் ஏதும் இல்லையே என்றார். பழுது இல்லை, எனக்கு வேண்டாம் என்று சொல்லப் போனேன், என் டொச் அந்த இடத்தில் குழம்பிவிட்டது. எனக்கு இது பிடிபடவில்லை என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் முதலில் இருந்து விளக்கத் தொடங்கினார், இது மீன், இது மாதுளை என்று. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது," என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் மகளுக்கு எட்டு வயது. என் அம்மாவோடு சீனாவில் இருக்கிறாள். நான் மொழிபெயர்த்தது மட்டும்தான்."

அவருக்கும் அன்றோடு வேலை முடிந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர்மீது இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஆட்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் வழியாகப் பொதி பிரிக்கும் வேலை கிடைத்தது. மூன்று மாத ஒப்பந்தம், பிறகு இன்னொரு மூன்று மாதம். அது நிரந்தரம் இல்லை என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். மறுப்புக் கடிதம் றெஜினாவுக்குப் போனது. வாழ்க்கைச் செலவு உறுதிப்படுத்தப்படவில்லை என்று ஒரு வரி. நான் அலுவலகத்துக்கு மறுபடியும் போனபோது, குடும்ப வாழ்க்கையை வேறொரு மூன்றாவது நாட்டில் நடத்தமுடியாதா என்று அந்த அதிகாரி கேட்டார். கிண்டல் இல்லை, அது அவருடைய படிவத்தில் இருந்த கேள்வி. அன்று மாலை றெஜினாவிடம் சொன்னேன்.

"மூண்டாவது நாடு எண்டா எது? சீனாவோ?"

இருவரும் சிரித்தோம். எங்கள் திருமணத்தில் நாங்கள் ஒன்றாகச் சிரித்த கடைசித் தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் தடவை போட்ட அன்ட்ராக், அதாவது விசா விண்ணப்பம், அதுவும் மறுக்கப்பட்டது. டெட்லெஃப் தன் நாணயத்தைச் சேகரிப்பில் வைத்துவிட்டான். என்னுடையது குசினித் தட்டில்தான் கிடக்கிறது, கூடு இன்னும் திறக்கவில்லை. றெஜினாவுக்கு நாற்பத்தொன்று முடிந்த அன்று வாழ்த்துச் சொல்ல எடுத்தேன். இனி அன்ட்ராக் போடவேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்கு ஏலாது. ஒவ்வொரு முறையும் பெட்டி அடுக்கிப்போட்டு அவிழ்க்க ஏலாது. நீங்களும் இஞ்ச வர ஏலாது. தெரிஞ்சதுதானே. இருக்கிறபடி இருப்பம்."

விவாகரத்து என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாலை வகுப்பு நடத்தியவர் கனடாவுக்குப் போய்விட்டதால் வகுப்பைத் தான் எடுத்து நடத்துவதாக அடுத்த கிழமை சொன்னாள். ஜேர்மனிக்கு வரமுடியாத என் மனைவி, ஜேர்மனிக்கு வரப்போகிற பெண்களுக்கு டொச் படிப்பிக்கிறாள். பலர் சித்தியடைகிறார்கள், விசாவும் கிடைக்கிறது.

போன மாதம் அவர்களில் ஒருத்தி வந்தாள். கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஹம் நிலையத்தில் அந்தப் பிள்ளை தனியே றெயில் மாறவேண்டும், ஒருக்கால் போய் ஏற்றிவிடுங்கோ என்று றெஜினா கேட்டிருந்தாள். போனேன். மெலிந்த பெண், புதுக் குளிர்ச்சட்டையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. றெயில் வரும் மேடையை மாற்றியிருந்தார்கள். நான் விசாரிக்கப் போகுமுன் அவளே ஒரு நிலைய ஊழியரிடம் போய்க் கேட்டாள். முன்பள்ளிப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, தயவுசெய்து என்கிற "பிட்டே"யைக் கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னாள். அது றெஜினாவின் பேச்சு. ஒவ்வொரு சொல்லும், மூச்சு எடுக்கிற இடமும்கூட. அந்த ஊழியர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை, உடனே விளங்கிப் பதில் சொன்னார்.

பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். றெயில் போனதும் றெஜினா எடுத்தாள்.

"ஏத்திவிட்டீங்களோ?"

"ஓம்."

"டொச் கதைச்சவளோ?"

"உம்மை மாதிரியே கதைச்சவள்."

மன்னாரில் மாலை வகுப்புத் தொடங்கும் நேரம், பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வைக்கிறேன் என்றாள். ஆனால் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். ஆளில்லாத மேடையில் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முதலில் சொல்ல, பெண்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். இஷ் வோன இன் டொச்லாண்ட். நான் ஜேர்மனியில் வசிக்கிறேன். மறுபடியும் சொல்லுங்கோ என்றாள். மறுபடியும் சொன்னார்கள்.