சவுக்குத் தோப்பில் ஒரு தட்டு ஆட்டம்

எர்ணாவூரில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்து சேர்ந்தார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர் ஊரில் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லி, அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பில் ஒன்பது இடத்தில் இரும்புக் கூடைகளை நட்டு வைத்தார். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். கனமான பிளாஸ்டிக் தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த தடவை வீசிப் போட்டவர் ஜெயித்தவர். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர்.

கேட்க எளிது. தோப்பில் போய் நின்றால்தான் தெரியும். சவுக்கு மரங்கள் நெருக்கமாக நிற்கும், நடுவில் சீமைக் கருவேலம், குறுக்கே தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாய். போதாததற்குக் கடல் காற்று தட்டை இஷ்டத்துக்கு இழுக்கும்.

ஆண்டு விழாவுக்கு ஆணும் பெண்ணுமாக ஜோடி போட்டார்கள். ஒரு ஜோடிக்கு ஒரே தட்டு, ஆளுக்கொரு தரம் மாறி மாறி வீச வேண்டும். எனக்கு ஜோடி எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர். எங்களோடு ஆடியது அந்த இன்ஜினியரும் ஸ்டோர்ஸில் இருந்த அக்காவும்.

முதல் கூடையிலேயே மேனேஜர் தட்டை மரத்தில் அடித்தார். "நீ சரியான இடத்துல போட்டுக் குடுத்தாதானே நான் வீச முடியும்?" என்றார். இரண்டாவதில் காற்று என்றார். மூன்றாவதில் என் செருப்புச் சத்தம் என்றார். நானும் ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை, இரண்டு தரம் தட்டைப் புதரில் விட்டேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் தட்டைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த கூடைக்கு நடந்தேன். ஆபீசில் ஒருமுறை, இருக்கிறது என்பதற்கு எங்கள் மீனவர் குப்பத்துப் பேச்சில் "கீது" என்று சொல்லிவிட்டதற்கு, "இங்க மனுஷங்க பேசற மாதிரி பேசு" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் அவர். அன்றிலிருந்து அவர் முன்னால் என் பேச்சை நானே வடிகட்டிக்கொள்வேன்.

ஆறாவது கூடை கால்வாய்க்கு அந்தப் பக்கம். அவர் முறை. ஓங்கி வீசினார். தட்டு கால்வாயைத் தாண்டி, கூடையையும் தாண்டி, கருவேலம் புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

"போய் எடு. முள்ளு, சேறெல்லாம் உங்க குப்பத்து ஆளுங்களுக்குப் பழக்கம்தானே" என்றார்.

உடம்பெல்லாம் சுட்டது. ஆனாலும் போனேன். கருப்புத் தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி, முட்டி போட்டுப் புகுந்து, தட்டை இழுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கிழித்தது. வெளியே வரும்போது அவர் இன்ஜினியரிடம் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது: அது அவள் வீசியது, மன்னிக்க வேண்டும், அவளுக்கு விளையாட வராது.

அவருடைய ஆங்கிலக் கடிதங்களைத் தினமும் திருத்தி டைப் அடிப்பவள் நான். எனக்குப் புரியாது என்று நினைத்தாரா, புரிந்தாலும் என்ன செய்வாள் என்று நினைத்தாரா?

"இன்னா சார், பொய் சொல்லிகினு கீறீங்க?" என்றேன். வடிகட்டவில்லை. "வீசனது நீங்க. சாக்கடைல எறங்கி எட்த்துகினு வந்தது நானு. எங்காளுங்களுக்கு முள்ளு பழக்கம்னா, உங்களுக்குப் பொய்யி பழக்கமா?"

"மரியாதையா பேசு!" என்று கத்தினார்.

"நீங்க குடுத்த மரியாதைதான் சார், திருப்பிக் குடுக்கறேன்."

இன்ஜினியர் அக்காவைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர் அக்கா. மேனேஜர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். வீசியது அவர், சொன்னது பொய். ரத்தம் வழிந்த கையைக் காட்டினேன். இன்ஜினியர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, இது வெறும் விளையாட்டுதானே என்றார். எல்லாவற்றையும்விட அந்த வார்த்தைதான் என்னை எரித்தது. அவர் கையில் ஒரு கீறல் இல்லை.

மேனேஜர் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். நான் போகவில்லை. அடுத்து என் முறை. தட்டு சவுக்கில் பட்டு என் காலடிக்கே வந்தது. மறுபடி வீசினேன். மீதிக் கூடைகள் அத்தனைக்கும் இரண்டு பேர் வீச்சையும் நானே வீசினேன். கடைசிக் கூடையில் சங்கிலி கலகலத்தபோது யாரும் கைதட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அண்ணன் கையைப் பார்த்துவிட்டுத் துடுப்பைத் தூக்கினான். "எவன் அவன்? வூட்டைக் காட்டு."

"நீ குந்து. நானே கேட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

மேனேஜர் புகார் கொடுத்து, திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதே வார்த்தைகளை, அதே பேச்சில் சொன்னேன். வேலையைப் பறிக்கவில்லை. டைப் மெஷினிலிருந்து எடுத்து, லாரி கேட்டில், தகரக் கூரைக்குக் கீழே, கதவு திறந்துவிடப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்கா கேட்டுக்கு வந்தார். கையில் எனக்காகக் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம் சாதம். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றேன்.

பொட்டலத்தை வாங்கவில்லை. அடுத்த லாரி ஹாரன் அடித்தது. கதவைத் திறக்கப் போனேன்.