அம்மன் கைக்கு முழு வளையல்

கரிசல் காட்டில் ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் மண்தான் வரும், மிஞ்சினால் உளிக்கு ஆகாத கொஞ்சம் சுக்கான் கல். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த உக்கிரபாண்டிக்குக் கல்மேல் பித்துப் பிடித்ததை என்னவென்று சொல்ல!

எப்போதும்வென்றான் ஊருக்குக் கிழக்கே ஐந்து ஏக்கர் பருத்திக்காடு வைத்திருந்த சம்சாரி அவர். மழை ஏமாற்றிய ஒரு வருடம், மேற்கே ஒரு கோயில் திருப்பணிக்குக் கல் சுமக்கப் போனார். இரண்டு மாதத்தில் வருகிறேன் என்றவர் ஆறு வருடம் கழித்து உளி மூட்டையோடு வந்து சேர்ந்தார். இடையில் தன் கல்யாணத்துக்கு மட்டும் நாலு நாள் லீவு போட்டார். அதையும் அவர் பெண்டாட்டி பாண்டியம்மாள் இன்றுவரை சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. லாரியில் கல் வந்து இறங்கினால் தட்டிப் பார்த்துக் காதை வைத்துக் கேட்பார். வெண்கலக் கும்பா மாதிரி ஓசை வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அம்மி செய்து தரச் சொன்னால் அதன் மூலையில் ஓர் அணிலையும் உட்கார்த்திவைப்பார்.

"மசாலா அரைக்கும்போதெல்லாம் அந்த அணில் என் விரலை இடிக்குது. அதை எடுத்துவிடுங்க" என்பாள் பாண்டியம்மாள்.

"இருந்துட்டுப் போகுது விடுட்டி, அது என்ன சோறா கேக்குது?" என்பார் அவர்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஊர் கூடி, உச்சிமாகாளி அம்மனுக்குக் கல்லில் சிலை வைக்க முடிவெடுத்தது. வேலை உக்கிரபாண்டிக்கே வந்தது. சந்தோஷத்தில் மனிதருக்கு வாய் நீண்டுவிட்டது. "நம்ம அம்மன் முழு வளையலைக் கையில போட்டுக்கிடுவா, பாருங்க!" என்று சொல்லிவிட்டார்.

சுற்றுவட்டாரத்தில் எந்த அம்மனும் அப்படி வளையல் போட்டதில்லை. கல்லில் கை என்பது பின்னால் இருக்கும் பலகையோடு ஒட்டித்தான் இருக்கும்; முழு வளையல் நுழையாது. வளையலைக் கோத்து மாலையாகப் போடுவார்கள், அவ்வளவுதான். விரலும் மணிக்கட்டும் காற்றில் தனியாக நிற்கும்படி செதுக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஓர் அடி பிசகினால் விரல் போய்விடும். விரல் போன சிலை பின்னமான சிலை, கும்பிட ஆகாது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் கோவில்பட்டியிலிருந்து வரும் வளையல் கடைக்காரர் ராமசுப்பு இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு எண்ணெய் போட்டு வாரிய சுருட்டைமுடி. அதில் பெருமையும் அதிகம். "உம்ம கல்லு முழு வளையலைப் போட்டுட்டா, நான் அங்கனயே மொட்டை போட்டுக்கிடுதேன்" என்றார்.

"போடலைன்னா நான் இனி உளியைத் தொடலை, அண்ணாச்சி!"

சொன்ன பிறகுதான் உக்கிரபாண்டி யோசித்தார். உளியைத் தொடாமல் அவர் என்ன செய்வார்?

எட்டு மாதம் வேப்பமரத்தடியில் வேலை நடந்தது. அம்மனின் கைக்குப் பாண்டியம்மாளின் கைதான் மாதிரி. பருத்தி நூலை வைத்து மணிக்கட்டு, விரல் முட்டி, கட்டைவிரல் அடி என்று அளந்து, நூல் அளவும் பிசகாமல் செதுக்கினார். அவளுக்கு இரண்டே கால் அளவு வளையல் சரியாக இருக்கும். அப்படியானால் அம்மனுக்கும் இருக்கும்தானே?

வெள்ளிக்கிழமை சிலைக்குக் கண் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை கொடை. வெள்ளிக்கிழமை சாயந்தரமே ஓர் ஆசைக்குப் பாண்டியம்மாள் தன் வளையலைக் கழற்றி அம்மன் கையில் மாட்டினாள். அது முட்டியிலேயே நின்றுவிட்டது.

உக்கிரபாண்டி ஓடிவந்தார். நூலை எடுத்துத் திரும்பவும் அளந்தார். இரண்டு கையும் ஒரே அளவு!

பாண்டியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் கையில மட்டும் சும்மாவா ஏறுது? சதையை அமுக்கி, விரலை நெரிச்சுல்லா ஏத்துதோம். உங்க கல்லை எங்கன அமுக்க?"

மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் பார்த்த கை, இது தோன்றவில்லையே!

"பெரிய வளையலாப் போட்டா?" என்று கேட்டார்.

"முழங்கைக்கு வழுகிரும். இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கும்."

அவர் உளியை எடுத்தார். "ஏலே, கண்ணு தெறந்தாச்சு! இனி அம்மன் மேல இரும்பு படக்கூடாது" என்று சத்தம் போட்டார் கோயில் தலைவர் தங்கச்சாமி.

"இரும்புதான படக்கூடாது? எங்க கை படலாம்லா?" என்றாள் பாண்டியம்மாள். தங்கச்சாமி ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் வீடு வீடாகப் போனாள். கோடைக்காலம், காட்டில் வேலையும் இல்லை. ஊர்ப் பெண்கள் மணலும் தண்ணீரும் தேங்காய் நாரும் சாணைக்கல் துண்டுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வளையல் உடையாமலிருக்கக் கழற்றி வைத்துவிட்டு, கை கொஞ்சம் மெலியட்டும் என்று முறைபோட்டு அம்மன் கையைத் தேய்த்தார்கள். பாட்டும் கேலியும் ஊர்வம்புமாக ஒரே கும்மாளம். உக்கிரபாண்டி மட்டும் மணிக்கொருதரம் வளையலை மாட்டிப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். திங்கட்கிழமை முட்டி தாண்டியது. கட்டைவிரல் அடியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை மேளம் முழங்க, ராமசுப்பு தலையை வாரிக்கொண்டு, பச்சை வளையலோடு வந்து சேர்ந்தார். பாண்டியம்மாள் ஒன்றை எடுத்து மாட்டினாள். கட்டைவிரல் அடிக்குப் போய் நின்றது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். உக்கிரபாண்டி தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாண்டியம்மாள் கொஞ்சம் விளக்கெண்ணெயைத் தொட்டு அம்மன் கையில் தடவினாள். பிறகு பச்சைப்பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினாள்: "கையை விறைப்பா வைக்காத தாயி. தளத்தி விடு. நோகாமப் போடுதேன்."

லேசாக ஒரு திருப்புத் திருப்பினாள். வளையல் வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

குலவைச் சத்தம் காடெல்லாம் கேட்டது. ராமசுப்பு தன் சுருட்டைமுடியைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "கத்தியைக் கொண்டுவாங்கடா" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் உக்கிரபாண்டி தன் பெண்டாட்டியின் கையைப் பார்த்தார். நாலு நாளாக வளையல் இல்லாத கை; மணல் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை வளையல் ஒன்றை எடுத்து அவள் கையைப் பிடித்தார்.

"ஊரே பாக்குது" என்றாள்.

"பாக்கட்டும். கையை விறைப்பா வைக்காதட்டி."

"விறைப்பா இருக்கது என் கை இல்ல, உங்க கை" என்றாள் பாண்டியம்மாள். "நீங்க தளத்துங்க."

அவர் தளர்த்தினார். வளையல் ஏறியது.