வாளருகே வாயை மூடிக்கொள்பவர்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மகளைக் காணவில்லை. டோபி காட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியக் கலைப்பொருள் கண்காட்சி. பழைய வாள் ஒன்றின் முன்னால் நின்று அலுவலகத்துக்குப் போனில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏழு வயதுக்காரி பக்கத்தில் இல்லை.

அந்தக் கூடத்துக் காவலாளி நம்மூர்த் தமிழ்ப் பெண்மணி. ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, தொளதொளவென்ற சீருடை. வாளருகே பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்வார். மூச்சுக்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று நாங்கள் நுழைந்தபோதே மகளிடம் சொல்லியிருந்தார். வாளோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

கூடத்தின் மூலையில், காட்சிக்காக மரத்தால் கட்டிய ஜப்பானியத் தேநீர்க் குடில். அதற்கு வெளியே என் மகளின் காலணிகள் மட்டும் இருந்தன.

"அக்கா, யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க! போலீஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

அவர் காலணிகளையே பார்த்தார். "தூக்கிட்டுப் போறவன் ஷூவை ஜோடியா அடுக்கி வச்சிட்டா போவான்? சாமுராயே வாளை வெளிய வச்சிட்டுத்தான் இதுக்குள்ள போவாராம். உங்க பொண்ணுகிட்ட சொன்னேன். அவகிட்ட வாள் இல்ல லா, ஷூவை வச்சிட்டா."

குனிந்து, முழங்கால் உயரக் கதவைத் தட்டினார். பெற்றவன் கண்ணில் படாதது அவர் கண்ணில் எப்படிப் பட்டது?

கதவு நகர்ந்தது. மகள் தவழ்ந்து வெளியே வந்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "கத்தாதீங்கப்பா, வாள் துருப்பிடிச்சிடும்."