பக்கத்து இருக்கை

கார் ஓட்டப் பழக வருகிறவர்களுக்கு அவள் 'பிரேக் அக்கா'. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். பதினெட்டு வருஷமாக மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துவிட்டது. அதற்குள் காரும் ஓய்ந்துவிட்டது. போன வாரம் மேட்டில் புகை கக்கி நின்றதைப் பார்த்த மெக்கானிக், "விட்டுடுங்கக்கா, இதுக்கு மேல தாங்காது," என்று பானட்டை மூடினார். காரைச் சொன்னாரா, காலைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை.

"இந்த ஒரு தடவையாவது புதுசா வாங்கேன்," என்றார் கணவர். மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்த அலுப்பில் சட்டையைக்கூட மாற்றாமல் சாய்ந்திருந்தார்.

"புதுசை வாங்கி முதல் நாளே சுவத்துல மோத விடவா?"

ஆனாலும் ஷோரூமுக்குப் போனாள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அப்படியே நின்றுபோனது. அவள் எழுந்திருக்கவே இல்லை. விற்பனைப் பையன் குனிந்து பார்த்தான்.

"பிடிச்சிருக்கா மேடம்?"

"ரொம்ப. அதான் வேணாம்னு பாக்குறேன்."

இந்த கியரை எவனோ நறநறவென்று அரைப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

மாத வாடகைக்கு மூன்று வருஷம் கார் தரும் அலுவலகத்துக்கு மறுநாள் போனாள். படிவத்தை நிரப்பிய பெண், "யார் ஓட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"ஓட்டத் தெரியாதவங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். இன்னொரு பெடல் பொருத்தத் தரையில் ஓட்டை போட வேண்டும் என்றதும் படிவத்தையே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசியில், முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, பழைய கார் விற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தரகர் ஒரு வெள்ளைக் காரைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒரே ஆள் ஓட்டின வண்டிக்கா. ஒரு டாக்டரோடது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு."

அவள் இன்ஜினைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினாள். தரையில், இரண்டாவது பெடல் பொருத்தும் இடத்தில் நான்கு ஓட்டைகள்; கறுப்புப் பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

"டாக்டர் இந்தப் பக்கம் உக்காந்துதான் ஓட்டுவாரோ?"

தரகர் கழுத்தைச் சொறிந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகச் சிரிக்காத சிரிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சரி, அவர் ஏன் வித்தாரு?"

"பொய் சொல்லலக்கா. கால் முடியலன்னு தொழிலையே விட்டுட்டாரு."

சிரிப்பு நின்றது. மிதியடியில் குதிகால் பதிந்து பதிந்து தேய்ந்த இடத்தைப் பார்த்தாள். அவள் காலைவிடக் கொஞ்சம் பெரிய கால்.

கிளட்ச்சைத் தரகரே மாற்றித்தர வேண்டும், விலையில் டாக்டரைக் கழிக்க வேண்டும் என்று பேசி முடித்தாள். பெடல் பொருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டைதான் தயாராக இருந்ததே.

சாயங்காலம் கணவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ரவுண்டு போலாமா?"

"எங்க?"

"எங்கயாவது. யாருக்கும் கத்துக்குடுக்காம ஓட்டு."

இரண்டாவது திருப்பத்திலேயே பக்கத்து இருக்கையில் அவர் தூங்கிப்போனார். அவள் பாட்டுக்கு வேகத்தைக் குறைத்து, பள்ளம் பார்த்து ஒதுக்கி, ஊரை ஒரு சுற்று சுற்றினாள்.